குனூ உருவாக்க முறைமை

குனூ உருவாக்க முறைமை என்பது, மூலநிரலாக வழங்கப்படும் மென்பொருளைப் பல்வேறு யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் தொகுத்து நிறுவ உதவும் கருவிகளின் தொகுதியாகும். இது ஆட்டோடூல்ஸ் என்றும் அழைக்கப்படுகின்றது. ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் ஆகிய மூன்றும் இதன் முதன்மைக் கருவிகள் ஆகும். இவை ஆக்கித் தரும் விதிகளை மேக் எனும் நிரல் நிறைவேற்றுகின்றது.

கட்டற்ற மென்பொருளின் மூலநிரலைப் படிக்கவும், மாற்றவும், பகிரவும் எவருக்கும் உரிமை உண்டு. ஆயினும், மாற்றிய நிரலைத் தமது கணினியில் தொகுக்க இயலாதவருக்கு அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும். ஆகையால், இக்கருவிகள் பிழைபடும்போது காரணத்தைக் கண்டறியும் முறையையும், எல்லா வகை மேக் நிரல்களும் ஏற்கும்படி விதிகளை எழுதும் முறையையும் நிரலாளர் மட்டுமன்றி, மூலநிரலில் இருந்து மென்பொருளை நிறுவும் பயனரும் அறிந்திருத்தல் நன்று.

இக்கட்டுரையில் கோப்புப் பெயர்களும் ஆணைகளும் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சிட வேண்டும்.

== வரலாறு ==

மேக் நிரலை 1976 ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். அவருடன் பணியாற்றிய ஸ்டீவ் ஜான்சன், சரியாக இருந்த நிரலொன்றில் பிழை தேடி ஒரு காலைப் பொழுது முழுவதையும் வீணாக்கினார். பிழை முன்னரே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பு மீண்டும் தொகுக்கப்படாமையால் பழைய நிரலே ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் கோப்பு மாறியது, அதனால் எவற்றை மீண்டும் தொகுக்க வேண்டும் என்பதைக் கணினியே கணித்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இந்நிகழ்வில் இருந்தே தோன்றியது. இப்பணிக்காக ஃபெல்ட்மனுக்கு ஏசிஎம் அமைப்பின் 2003 ஆம் ஆண்டுக்கான மென்பொருள் முறைமை விருது வழங்கப்பட்டது.

1980களில் யுனிக்ஸ் பல கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளையில் உள்ள செயற்கூறு மற்றொன்றில் இருக்கவில்லை. தலைப்புக் கோப்புகளின் பெயர்களும் நிரலகங்களின் இடங்களும் வேறுபட்டன. பயனர் ஒவ்வொருவரும் மேக்ஃபைலைத் திறந்து தம் கணினிக்கு ஏற்பக் கையால் திருத்த வேண்டியிருந்தது. லாரி வால் தமது ஆர்என் என்னும் செய்தி வாசிப்பு நிரலுடன், பயனரிடம் கேள்விகள் கேட்டு விடைகளுக்கேற்ப அமைவுகளைச் செய்துகொள்ளும் ஒரு நிரலை வழங்கினார். கேள்வியே கேட்காமல் கணினியைச் சோதித்து விடை காணும் முறையை ஆட்டோகான்ஃப் பரவலாக்கியது. இதனை டேவிட் மெக்கென்சி 1991 ஆம் ஆண்டில், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிரல்களுக்காக எழுதத் தொடங்கினார். ஆட்டோமேக்கையும் 1994 இல் அவரே தொடங்கினார். பின்னர் டாம் ட்ரோமி அதனைப் பேர்ல் மொழியில் மீண்டும் எழுதினார். பகிர்வு நிரலகங்களை ஆக்க உதவும் லிப்டூலை 1996 இல் கார்டன் மட்சிக்கைட் உருவாக்கினார்.

== செயற்படும் முறை ==

இம்முறைமையில் இரு நிலைகள் உள்ளன.

'''நிரலாளரின் நிலை:''' தமது மென்பொருளுக்குத் தேவையானவற்றை நிரலாளர் கான்ஃபிகர்.ஏசி என்ற கோப்பில் எம்4 மேக்ரோக்களாக எழுதுவார். ஆட்டோகான்ஃப் அதனை விரித்துக் கான்ஃபிகர் என்ற ஷெல் நிரலை ஆக்கும். மேக்ஃபைல்.ஏஎம் என்ற சுருக்கமான கோப்பை ஆட்டோமேக் விரித்து மேக்ஃபைல்.இன் என்ற வார்ப்புருவை ஆக்கும்.

'''பயனரின் நிலை:''' பயனர் கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் ஆகிய மூன்று ஆணைகளை வரிசையாக இடுவார். ஆட்டோடூல்ஸ் கருவிகள் பயனரின் கணினியில் இருக்க வேண்டியதில்லை. ஷெல், தொகுப்பி, மேக் ஆகியவை போதும்.

கான்ஃபிகர் நிரல் இயங்குதளத்தின் பெயரைக் கேட்டு முடிவு செய்வதில்லை. சிறு சிறு சி நிரல்களை எழுதி, அவற்றைத் தொகுத்துப் பார்க்கின்றது. தொகுப்பு வெற்றி பெற்றால் அவ்வசதி 'உண்டு' என்றும், தோல்வியுற்றால் 'இல்லை' என்றும் குறித்துக்கொள்கின்றது. பின்னர் அவ்விடைகளை வார்ப்புருக்களில் நிரப்பி மேக்ஃபைலையும் கான்ஃபிக்.எச் கோப்பையும் எழுதுகின்றது. நாளை தோன்றப்போகும் இயங்குதளத்தின் பெயரை இன்று எவரும் அறியார். ஆனால் ஒரு செயற்கூறு அங்கே உண்டா என்பதைச் சோதித்து அறியலாம். இதுவே இம்முறையின் வலிமையாகும். சோதனை வேறு காரணத்தால் தோற்றாலும் விடை 'இல்லை' என்றே அமைவது இதன் பலவீனமாகும்.

== பெயர்வுத்திறன் மிக்க மேக் விதிகள் ==

மேக் விதி ஒன்றில் இலக்கு, முன்தேவைகள், ஆணை வரிகள் என மூன்று பகுதிகள் உண்டு. முன்தேவைகளுள் ஏதேனும் ஒன்று இலக்கை விடப் புதிதாக இருந்தால் ஆணைகள் நிறைவேற்றப்படும். குனூ மேக், பிஎஸ்டி மேக், சோலாரிஸ் மேக் எனப் பல வகைகள் வழக்கில் உள்ளன. இவை அனைத்துக்கும் பொதுவான அடிப்படை போசிக்ஸ் தரத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது. குனூ மேக்கில் மட்டும் சோதிக்கப்பட்ட விதிகள் பிற இடங்களில் பிழைபடுவது வழமை. கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

* '''டேப் குறி:''' ஆணை வரி டேப் குறியுடன் தொடங்க வேண்டும். இடைவெளிகளால் தொடங்கினால் குனூ மேக் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்ற பிழையைத் தரும். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதால், தொகுப்பானில் டேப் குறியைக் காட்டும் வசதியை இயக்கிப் பார்க்க வேண்டும்.
* '''$< குறி:''' பின்னொட்டு விதி போன்ற உய்த்துணர் விதிகளில் மட்டுமே இதன் பொருள் தரத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது. இயல்பான விதியில் இதை எழுதினால் சோலாரிஸ் மேக் வெற்றுச் சொல்லை இடும். ஓப்பன்பிஎஸ்டி மேக் பிழை கூறி நிறுத்தும். அவ்விடங்களில் கோப்பின் பெயரையே எழுதுதல் வேண்டும்.
* '''% குறி கொண்ட விதிகள்:''' இவை தரத்தில் இல்லை. ஒரு வகைக் கோப்பில் இருந்து மற்றொரு வகைக் கோப்பை ஆக்கப் பின்னொட்டு விதிகளைப் பயன்படுத்தலாம்.
* '''நிபந்தனைகள்:''' நிபந்தனைக் கூற்றுகளைக் குனூ மேக் ஒரு வடிவிலும் பிஎஸ்டி மேக் புள்ளியில் தொடங்கும் வேறொரு வடிவிலும் எழுதுகின்றன. முடிவுகளைக் கான்ஃபிகர் நிலையிலேயே எடுத்து, மேக்ஃபைலில் மாறிகளாக நிரப்புவது பாதுகாப்பானது.
* '''குனூ செயற்கூறுகள்:''' கோப்புகளைத் தேடும் வைல்ட்கார்டு, ஷெல் ஆணையின் விடையைப் பெறும் ஷெல் ஆகியன குனூ மேக்குக்கு உரியவை. மூலக் கோப்புகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுவது எங்கும் செல்லும். அடைவில் தற்செயலாகக் கிடக்கும் கோப்பு நிரலில் சேர்ந்துவிடுவதையும் இது தடுக்கும்.
* '''வரிக்கு ஒரு ஷெல்:''' ஆணை வரி ஒவ்வொன்றும் தனித்தனி ஷெல்லில் இயங்கும். ஒரு வரியில் அடைவை மாற்றினால், அடுத்த வரி பழைய அடைவிலேயே இயங்கும். இரண்டையும் ஒரே வரியில் && குறியால் இணைக்க வேண்டும்.
* '''ஷெல் மாறிகள்:''' ஷெல்லுக்குச் செல்ல வேண்டிய $ குறியை $$ என இரட்டித்து எழுத வேண்டும். இல்லையெனில் மேக் அதனைத் தன் மாறியாகக் கொள்ளும்.
* '''ஷெல்லின் வகை:''' உபுண்டு 6.10 பதிப்பில் (2006) இயல்பான ஷெல்லாக பாஷுக்குப் பதில் டாஷ் வைக்கப்பட்டது. டெபியன் 2011 இல் இம்மாற்றத்தைச் செய்தது. பாஷ் ஏற்றாலும் டாஷ் ஏற்காத == ஒப்பீடு அன்று முதல் பல நிரல்களில் பிழையாக வெளிப்பட்டது. = குறியையே பயன்படுத்த வேண்டும். எக்கோ ஆணைக்கு மாற்றாகப் பிரின்ட்எஃப் ஆணை பரிந்துரைக்கப்படுகின்றது.
* '''உள்ளடைவுகள்:''' உள்ளடைவில் மேக்கை அழைக்கும்போது அதன் பெயரை நேரடியாக எழுதாமல், மேக் என்ற மாறியின் வழியே அழைக்க வேண்டும். அப்போதுதான் பயனர் தேர்ந்த அதே மேக் நிரல் உள்ளேயும் இயங்கும்.
* '''ஒரே ஆணை தரும் இரு கோப்புகள்:''' யாக் போன்ற நிரல்கள் ஒரே ஓட்டத்தில் இரு கோப்புகளை ஆக்குகின்றன. இரண்டையும் ஒரே விதியின் இலக்குகளாக எழுதினால், மேக் அதனை இரு தனி விதிகளாகவே கருதும். இணையாகத் தொகுக்கும்போது யாக் ஒரே வேளையில் இருமுறை ஓடிக் கோப்புகள் சிதையலாம். ஒரு கோப்பை மட்டும் அவ்வாணையின் இலக்காக்கி, மற்றதை முதற்கோப்பைச் சார்ந்ததாக எழுதலாம். இதற்கெனக் குழு இலக்கு என்ற வசதி குனூ மேக் 4.3 பதிப்பில் (2020) சேர்க்கப்பட்டது. எனினும் அது பிற மேக் நிரல்களுக்குப் பொருந்தாது.

2024 ஆம் ஆண்டில் வெளியான போசிக்ஸ் தரத்தில் +=, ?=, != ஆகிய குறிகளும், $^ மாறியும், போலி இலக்குகளை அறிவிக்கும் முறையும் சேர்க்கப்பட்டன. நெடுங்காலம் வழக்கில் இருந்தவை இவ்வாறு தரத்தில் இடம்பெற்றன. ஆயினும் பழைய இயங்குதளங்களையும் கருதும் நிரலாளர், அவற்றிலுள்ள மேக் நிரல் இவற்றை ஏற்கின்றதா என்று பார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

== பிழை கண்டறிதல் ==

பிழை எந்த நிலையில் நிகழ்ந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். கான்ஃபிகர் ஓடும்போதா, மேக் தொகுக்கும்போதா, இணைப்பி இணைக்கும்போதா, நிறுவும்போதா என்பதைப் பொறுத்துத் தேட வேண்டிய இடம் மாறும். செய்திகளை ஆங்கிலத்தில் பெற்றால் தேடுவது எளிது. அதற்கு மொழிச்சூழல் மாறியான எல்சி_ஆல் என்பதற்கு சி என்ற மதிப்பைத் தரலாம். இணையாகத் தொகுக்கும்போது பல செய்திகள் கலந்து வருவதால், ஒரே வேளையில் ஒரு பணி என்ற அளவில் மேக்கை மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவ்வாறு ஓட்டும்போது பிழை மறைந்தால், விதிகளில் ஏதோ ஒரு முன்தேவை விடுபட்டுள்ளது என ஐயுறலாம்.

=== கான்ஃபிக்.லாக் கோப்பு ===

கான்ஃபிகர் திரையில் காட்டுவது சுருக்கம் மட்டுமே. ஒவ்வொரு சோதனையிலும் இட்ட ஆணை, தொகுப்பி தந்த செய்தி, தோற்ற சோதனை நிரலின் வரிகள் ஆகிய அனைத்தும் கான்ஃபிக்.லாக் என்ற கோப்பில் பதிவாகின்றன. இதனைப் படிக்கையில் இரு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும்.

# கோப்பின் இறுதியில் மாறிகளின் நீண்ட பட்டியலே இருக்கும். பிழை அப்பட்டியலுக்கு மேலே இருக்கும். திரையில் தோன்றிய பிழைச் செய்தியைக் கோப்பில் தேடி, அங்கிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும்.
# கோப்பில் உள்ள பிழைகள் எல்லாம் குறைகள் அல்ல. தொகுப்பியின் பதிப்பை அறியக் கான்ஃபிகர் பல தெரிவுகளை இட்டுப் பார்க்கும். அவற்றுள் சிலவற்றை ஜிசிசி ஏற்காமல் பிழை கூறும். இது இயல்பானதே. பலர் இவ்வரியையே காரணமாகக் கருதி வழிதவறுவதுண்டு.

=== அடிக்கடி நேரும் பிழைகள் ===

* '''சி தொகுப்பியால் இயங்கு கோப்புகளை ஆக்க இயலவில்லை:''' தொகுப்பி நிறுவப்பட்டிருந்தும் இச்செய்தி வரலாம். சி நிரலகத்தின் தலைப்புக் கோப்புகள் இல்லாமை, தொகுப்பித் தெரிவுகளுக்கான மாறியில் தவறான சொல் இருத்தல் ஆகியன பெரும்பாலான காரணங்கள். முதற்சோதனையே தோற்றுள்ளதால், பதிவில் அவ்விடத்தில் தொகுப்பி அல்லது இணைப்பி கூறும் செய்தியே விடையாகும்.
* '''நிறுவிய நிரலகத்தைக் காணவில்லை எனல்:''' லினக்ஸ் வழங்கல்கள் நிரலகத்தையும் அதன் தலைப்புக் கோப்புகளையும் தனித்தனிப் பொதிகளாகத் தருகின்றன. பின்னதன் பெயர் டெபியனில் 'டெவ்' என்றும் ஃபெடோராவில் 'டெவெல்' என்றும் முடியும். அதனை நிறுவினால் பெரும்பாலும் சிக்கல் தீரும்.
* '''விரிவுறாத மேக்ரோ:''' பிகேஜி எனத் தொடங்கும் சொல்லின் அருகே ஷெல் தொடரிலக்கணப் பிழை காட்டினால், கான்ஃபிகரை ஆக்கிய கணினியில் பிகேஜி-கான்ஃபிக்கின் எம்4 கோப்பு இல்லை என்பது பொருள். ஷெல் நிரலைத் திருத்துதல் பயன் தராது. பொதியை நிறுவி ஆட்டோரீகான்ஃப் ஆணையை ஓட்ட வேண்டும்.
* '''லிப்டூல் பதிப்பு முரண்பாடு:''' ஒரு பதிப்பின் மேக்ரோவும் மற்றொரு பதிப்பின் நிரலும் கலந்திருப்பதே காரணம். ஆட்டோரீகான்ஃப் ஆணையைக் கட்டாயப்படுத்தும் தெரிவுடன் ஓட்டி எல்லாவற்றையும் புதிதாக ஆக்க வேண்டும்.
* '''கணினி வகையை அறிய இயலாமை:''' கான்ஃபிக்.கெஸ், கான்ஃபிக்.சப் என்ற கோப்புகள் கணினியின் வகையை ஊகிக்கின்றன. பழைய மென்பொருட்களுடன் வந்த இக்கோப்புகள் 64 இருமி ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் போன்ற பிற்கால வகைகளை அறியா. இவ்விரண்டையும் குனூ திட்டம் வெளியிடும் புதிய படிகளால் மாற்றினால் போதும்.
* '''அழைக்காமலே ஆட்டோமேக் ஓடுதல்:''' கிட் களஞ்சியம் கோப்புகளின் நேரத்தைச் சேமிப்பதில்லை. படியெடுக்கும் வேளையின் நேரமே கோப்புக்கு அமைவதால், ஆக்கப்பட்ட கோப்பு மூலக் கோப்பை விடப் பழையதாகத் தோன்றலாம். உடனே மேக் அதனை மீண்டும் ஆக்க முயன்று, குறிப்பிட்ட பதிப்பு ஆட்டோமேக் இல்லை எனக் கூறும். வலையமைப்பு வட்டுகளில் இரு கணினிகளின் கடிகாரங்கள் வேறுபட்டாலும் இத்தகைய குழப்பம் நேரும்.
* '''இடைவெளி கொண்ட அடைவுப் பெயர்:''' மேக் இடைவெளியைப் பெயர்ப் பிரிப்பாகக் கொள்வதால், இத்தகைய அடைவுகளில் கான்ஃபிகர் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அடைவின் பெயரை மாற்றுவதே வழி.
* '''இணைப்பின் வரிசை:''' நிரலகங்களின் பெயர்கள் அவற்றைப் பயன்படுத்தும் கோப்புகளுக்குப் பின்னரே வர வேண்டும். உபுண்டு 11.10 பதிப்பில் (2011) தேவையற்ற நிரலகங்களை நீக்கும் இணைப்புத் தெரிவு இயல்பாக்கப்பட்டபோது, வரிசை தவறிய பல மேக்ஃபைல்கள் பிழைபட்டன.

அமைவுகளை மாற்றிய பின் பழைய விடைகள் எஞ்சியிருப்பதும் குழப்பம் தரும். மேக் டிஸ்ட்கிளீன் ஆணையால் அவற்றை நீக்கலாம். மூல அடைவுக்கு வெளியே தனி அடைவொன்றில் தொகுத்தால், அவ்வடைவை அழித்துவிட்டு எளிதில் மீளத் தொடங்கலாம்.

== ஓசையின்றி நிகழும் பிழைகள் ==

மேற்கூறியவற்றில் கருவி தானே நின்று பிழையை அறிவிக்கின்றது. அறிவிக்காமலே நிகழும் பிழைகள் இவற்றிலும் கடியவை.

அறிவிக்கப்படாத செயற்கூறுகளை அழைக்கப் பழைய சி மொழி இடமளித்தது. 1999 ஆம் ஆண்டின் சி தரம் அதனை நீக்கியது. எனினும் தொகுப்பிகள் நெடுங்காலம் எச்சரிக்கை மட்டுமே கூறி வந்தன. கிளாங் 16 பதிப்பும் (2023) ஜிசிசி 14 பதிப்பும் (2024) இதனைப் பிழையாகவே கருதத் தொடங்கின. பழைய கான்ஃபிகர் நிரல்களின் சோதனைகள் பலவற்றில், தேவையான தலைப்புக் கோப்பைச் சேர்க்காமலே செயற்கூறுகள் அழைக்கப்பட்டிருந்தன. புதிய தொகுப்பியில் இச்சோதனைகள் தோற்கின்றன. கணினியில் வசதி இருந்தும் கான்ஃபிகர் 'இல்லை' எனக் குறித்துக்கொண்டு மேலே செல்கின்றது. மென்பொருள் வெற்றிகரமாகத் தொகுக்கப்படுகின்றது. ஆனால் ஒரு வசதி அதில் இருப்பதில்லை.

இதனைக் கண்டறிய இரு வழிகள் உண்டு. கான்ஃபிக்.லாக் கோப்பில் 'இம்ப்ளிசிட் டெக்ளரேஷன்' என்ற சொற்றொடரைத் தேடலாம். பழைய தொகுப்பியாலும் புதிய தொகுப்பியாலும் கிடைத்த இரு கான்ஃபிக்.எச் கோப்புகளை ஒப்பிட்டு, வேறுபடும் வரிகளை ஆராயலாம். ஒரு வசதி கட்டாயம் வேண்டும் எனில், கான்ஃபிகருக்கு அதனை வெளிப்படையாகத் தெரிவிப்பது நன்று. நன்கு எழுதப்பட்ட கான்ஃபிகர், வெளிப்படையாகக் கேட்ட வசதி கிடைக்காதபோது நின்றுவிடும்.

== பாதுகாப்பு ==

2024 ஆம் ஆண்டு மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் எனும் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பின்கதவு ஒன்று வைக்கப்பட்டிருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் வெளிப்படுத்தினார். எஸ்எஸ்எச் வழியே நுழைகையில் ஏற்பட்ட அரை நொடி அளவிலான தாமதத்தை ஆராய்ந்தபோது அவர் இதனைக் கண்டறிந்தார். தீங்கு நிரல், சோதனைக் கோப்புகள் போல் தோன்றிய இருமக் கோப்புகளில் மறைக்கப்பட்டிருந்தது. அதனைப் பிரித்தெடுக்கும் வரிகளோ, வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்த எம்4 கோப்பு ஒன்றில் இடப்பட்டிருந்தன. பொதுக் களஞ்சியத்தில் அவை இல்லை. பல்லாயிரம் வரிகள் கொண்ட கான்ஃபிகர் நிரலை எவரும் படிப்பதில்லை என்பதே இத்தாக்குதலுக்கு மறைவிடமாயிற்று.

அதே மென்பொருளின் சிமேக் கோப்பில் இருந்த ஒரு சோதனையில் தனியொரு முற்றுப்புள்ளி நுழைக்கப்பட்டிருந்தது. அதனால் அச்சோதனை நிரல் எந்தக் கணினியிலும் தொகுபடாது. விளைவாக, லேண்ட்லாக் என்னும் பாதுகாப்பு வசதி 'இல்லை' என்றே முடிவாகி, ஓசையின்றி விடப்பட்டது. முன்பகுதியில் கூறிய ஓசையற்ற பிழை, இங்கே திட்டமிட்டே பயன்படுத்தப்பட்டது எனலாம்.

இந்நிகழ்வுக்குப் பின், வெளியீட்டுப் பொதியில் உள்ள கான்ஃபிகரை நம்பாமல், களஞ்சியத்தில் இருந்து ஆட்டோரீகான்ஃப் ஆணையால் அதனைப் புதிதாக ஆக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. பொதியையும் களஞ்சியத்தையும் ஒப்பிட்டு வேறுபாடுகளை ஆராய்வதும் பயனுள்ளது.

== திறனாய்வும் மாற்றுக் கருவிகளும் ==

எம்4, ஷெல், மேக், பேர்ல் எனப் பல மொழிகள் கலந்திருப்பதால் ஆட்டோடூல்ஸைக் கற்பது கடினம் எனக் கூறப்படுகின்றது. ஆட்டோகான்ஃப் 2.69 பதிப்புக்கும் (2012) 2.70 பதிப்புக்கும் (2020) இடையே எட்டு ஆண்டுகள் கழிந்தன. அடைவுதோறும் மேக்கைத் தனித்தனியே அழைப்பதால் சார்புகள் முழுமையாக அறியப்படுவதில்லை என்பதை 1998 இல் பீட்டர் மில்லர் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார்.

சிமேக் (2000), மெசான் (2013) ஆகியன மாற்றாக விளங்கும் கருவிகளுள் குறிப்பிடத்தக்கவை. கேடிஈ தனது நான்காம் பதிப்புக்குச் சிமேக்கைத் தேர்ந்தது. சிஸ்டம்டி 2017 இல் மெசானுக்கு மாறியது. எனினும் இவையும் சிறு நிரல்களைத் தொகுத்துப் பார்த்தே கணினியின் வசதிகளை அறிகின்றன. ஆகவே, சோதனைப் பதிவைப் படித்தறியும் பழக்கம் எக்கருவியைப் பயன்படுத்துவோருக்கும் தேவையானதே.

== இவற்றையும் பார்க்க ==

* மேக் (மென்பொருள்)
* கட்டற்ற மென்பொருள்
* தொகுப்பி
* போசிக்ஸ்
* சிமேக்

பகுப்பு: மென்பொருள் உருவாக்கக் கருவிகள்
பகுப்பு: குனூ திட்டம்